ஞாயிற்றுக்கிழமை வளையம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ராட்டினம் என்று பெயர். யாரும் கெட்ட எண்ணத்தில் வைத்ததில்லை. மற்றவர்கள் செய்யும் ஒளி ஒழுங்கு மரியாதையாக நேரே போகும். இவள் செய்யும் ஒளி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போகும். நடுவில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றி வெளிச்சம், அந்த வெளிச்சம் முழுக்க முறுக்கு. பெயரை அவளும் ரசித்தவள்தான். அதெல்லாம் ஒரு காலம். இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால், "ஆமா, ஏறின எடத்துலயே எறங்கப் போறவதானே" என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் போய்விடுகிறாள்.

அந்த ஒளி விட்டு விட்டுத்தான் வரும், துடிப்புத் துடிப்பாக. ஒரு துடிப்பின் ஆயுள் எவ்வளவு என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் அவள் விளக்குவாள்: "ஒரு நொடியக் கோடித் துண்டா வெட்டுங்க. அதுல ஒரு துண்ட எடுத்து மறுபடி கோடித் துண்டா வெட்டுங்க. கடைசில ஒண்ணு மிஞ்சும் பாருங்க, அதான்." கேட்டவர் "அடேயப்பா" என்பார். உடனே, "அது சரி, வீட்டுக்காரரையும் கொழந்தையையும் எப்பக் கூட்டிட்டுப் போகப் போற?" என்பார். ஊர் வாய்க்கு எது முக்கியம் என்று நன்றாகத் தெரியும்.

இவ்வளவு சின்னதை எந்தக் கடிகாரத்தால் அளப்பது? இருக்கிற கடிகாரமெல்லாம் அதன் முன்னால் ஆமை. ஆகவே துடிப்பை வைத்தே துடிப்பை அளக்க வேண்டியிருக்கிறது. ஒன்றை இரண்டாகப் பிரித்து, ஒரு கண்ணாடியை மயிரிழை நகர்த்தி ஒரு பாதியைக் கொஞ்சம் தாமதிக்க வைத்து, இரண்டு பாதியையும் ஒரு படிகத்துக்குள் மறுபடி சந்திக்க விட்டு, அங்கே பிறக்கிற புது நிறத்தைக் கேமராவில் பிடிக்க வேண்டும். பிறகு கண்ணாடியை இன்னொரு மயிரிழை நகர்த்தி அடுத்த துடிப்பு. பிறகு அடுத்தது. இப்படி ஆயிரக்கணக்கான துடிப்புகளிடம் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிச் சேர்த்துக் கணினியிடம் கொடுத்தால், அது யோசித்து யோசித்து ஒரு படம் போட்டுத் தரும். "இதுதான் எங்க துடிப்பு" என்று அந்தப் படத்தைத்தான் எல்லாரும் காட்டுகிறார்கள். இதில் ஒரு நம்பிக்கை சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. வருகிற துடிப்பெல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல இருக்கும் என்கிற நம்பிக்கை.

அவளுடைய படம் ஒரு வளையம். அப்படி ஓர் அழகு. சிவப்பில் தொடங்கி நீலம் வரை நிறங்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சுற்றி ஏறும். ஒரு பிசிறு இருக்காது. பார்த்த மாத்திரத்தில், "ஓவியமா?" என்று கேட்டவர்கள் உண்டு. அந்தப் படத்தை வைத்து நான்கு கட்டுரைகள் வந்தன. இன்னும் ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் வேலைதான் என்றாலும், இந்த முறை காலியாகும் நிரந்தர இடம் அவளுக்குத்தான் என்று சுவர்கூடச் சொல்லும் நிலைமை.

நிரந்தர இடம் என்றால் குடும்பத்தோடு இருக்க வீடு தருவார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கணவரும் மகளும் தூரத்து ஊரில் இருந்தார்கள். மகள் தத்தக்கா பித்தக்கா என்று நடந்துகொண்டிருந்தபோது, "ஒரு வருஷம்தான்" என்று சொல்லிவிட்டு வந்தவள். அந்த ஒரு வருஷம் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே போனது. இப்போது மகள் மூன்றாம் வகுப்பு.

வாரம் முழுக்க லேசர் அவளைப் பிடித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் அவளுக்குச் சொந்தம். அன்று கைபேசித் திரையில் மகள் வந்து உட்காருவாள். தலை வாரி, பின்னல் போட்டு, துவைத்த உடுப்பு போட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. தலைக்கு மேலே சுவரில் அந்த வளையம் மாட்டியிருக்கும். அவள்தான் பெரிதாக அச்சடித்து அனுப்பியிருந்தாள். "அம்மா செஞ்ச வெளிச்சம்" என்று மகள் ஒருமுறை சொன்னதை அவள் ஆய்வுக்கூடத்தில் எத்தனை பேரிடம் சொல்லிக் கழுத்தறுத்தாள் என்பதற்குக் கணக்கில்லை. நான் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன, நான் செய்த வெளிச்சத்துக்கு அடியில்தானே தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வாள். பல ராத்திரிகளை அந்த நினைப்புதான் ஓட்டியது. பின்னாலிருந்து கணவர், "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீ வேலையப் பாரு" என்பார். ஒவ்வொரு ஞாயிறும் அதே வார்த்தை. அவளும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் சந்தேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தேகம் என்பது அவளுடைய மேசைக்கு எதிர் மேசைக்காரரின் பட்டப்பெயர். எதைச் சொன்னாலும், "அப்படின்னு யார் சொன்னா?" என்று கேட்கிற ஜென்மம். ஒரு கூட்டத்தில் அவள் வளையத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் கையைத் தூக்கினார். "எல்லாத் துடிப்பும் ஒரே மாதிரின்னு யார் சொன்னா? ஒவ்வொண்ணும் வேற வேறயா இருந்து, எல்லாத்துக்கும் பொதுவானது மட்டும் உங்க படத்துல விழுதுன்னா?"

"நீங்க வீட்டுல சாப்பிட உக்காரும்போதும், இவங்க எங்க அம்மாதான்னு யார் சொன்னான்னு கேட்டுட்டுத்தான் தட்டுல கைய வைப்பீங்களா?" என்றாள் அவள்.

அறையே சிரித்தது. சந்தேகமும் சேர்ந்து சிரித்தார். சில மாதத்தில் அவர் மூக்குக்கண்ணாடி செய்யும் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்குப் போய்விட்டார். நல்ல இடம், சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று கேள்வி.

அந்த நிரந்தர இடத்துக்கான தேர்வுக் குழு வருவதற்கு வெகு முன்பே ஆய்வுக்கூடத் தலைவர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். தலைவர் நல்ல மனுஷர். தனக்குக் கீழே இருப்பவர்கள் சாப்பிட்டார்களா என்று உண்மையாகவே கவலைப்படுகிற ரகம்.

"பழைய படத்தையே காட்டினா குழுவுக்குச் சப்புன்னு இருக்கும்மா. ஆயிரம் துடிப்புல சேர்த்து எடுத்த வளையத்த, ஒரே ஒரு துடிப்புல எடுத்துக் காட்டு. எவனும் வாயத் தெறக்க மாட்டான். எடம் உனக்குத்தான்."

ஒரே துடிப்பைப் படம் பிடிக்கும் பெட்டி ஒன்றை அவள் கட்ட ஆரம்பித்தாள். கட்டி முடிக்க இரண்டு வருஷம் பிடித்தது. கண்ணாடியை நகர்த்தும் வேலையே அதில் கிடையாது. இரண்டு பாதிகளும் சாய்வாக வந்து மோதும்; படிகத்தின் ஒரு ஓரத்தில் ஒரு பாதி முந்தும், மறு ஓரத்தில் மற்றது முந்தும்; இப்படி எல்லாத் தாமதங்களும் ஒரே அடியில் கிடைத்துவிடும். அதற்கு முன்னால் கடுகு கடுகாக வில்லைகள் பதித்த ஒரு தட்டு, துடிப்பை இடம் வாரியாகப் பிரித்துப் போடும். ஒரு துடிப்பு உள்ளே போனால் ஒரு படம். அடுத்தது போனால் அடுத்த படம். யாரிடமும் கடன் வாங்காத படம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இவ்வளவு சுத்தமாகவும் பொறுமையாகவும் செய்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

முதல் துடிப்பை உள்ளே விட்ட அன்று காலை அவள் சாப்பிடவில்லை. கறுப்புத் திரையை இழுத்து மூடி, பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குளிர்சாதனத்தின் காற்று மேசைமேல் அடிக்காமல் அட்டையை வைத்து மறைத்துவிட்டு, பொத்தானை அழுத்தினாள். திரையில் படம் வந்தது.

உடைந்த வளையல் மாதிரி இருந்தது.

இரண்டாவது துடிப்பில் ஓட்டை நடுவில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கி நின்றது. மூன்றாவதில் இரண்டு ஓட்டை. நான்காவது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. அவள் அழுத்திக்கொண்டே போனாள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. எதுவும் வளையம் இல்லை. அவளுக்கு அப்போது பயமே வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பெட்டியில் கோளாறு. புதுப் பெட்டியென்றால் முதலில் இப்படித்தான் படுத்தும்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பெட்டியைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. வில்லைத் தட்டைக் கழற்றித் துடைத்தாள். படிகத்தை மாற்றினாள். திருகாணி ஒவ்வொன்றையும் தளர்த்தி மறுபடி இறுக்கினாள். கேமராவைக் கடன் வாங்கி வந்து மாற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும், "இதுலயாவது தப்பு இருந்துடணும்" என்று வாய்விட்டே சொன்னாள். தன் கையால் கட்டியது பழுதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருந்தது. அதை வேண்டுமென்றே தள்ளிப்போட்டு வந்தாள். லேசரிலிருந்து வரும் ஒளி, வாயு நிரப்பிய ஒரு நீளக் கண்ணாடிக் குழாய் வழியாகப் போய்த்தான் அவ்வளவு குட்டையான துடிப்பாகிறது; அதற்குப் பிறகுதான் முறுக்கு ஏறும். அந்தக் குழாயைத் தொடாமல், லேசர் ஒளியை நேராகப் பெட்டிக்கு அனுப்பினால்? அது நிச்சயமாக மாறாத ஒளி, ஊருக்கே தெரியும். அதையும் பெட்டி தாறுமாறாகக் காட்டினால் பெட்டி பொய். அவள் பிழைத்தாள்.

ஒளியைத் திருப்பி விட்டாள். அழுத்தினாள். மழமழவென்று ஒரு பொட்டு. மறுபடி அழுத்தினாள். அதே பொட்டு. எத்தனை தடவை அழுத்தினாலும் இம்மி பிசகாமல் அதே பொட்டு. பெட்டி யோக்கியமான பெட்டி.

அப்படியானால் குழாய்க்குள் போகும் ஒளிதான் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாகக் கலங்கி வெளியே வருகிறது. முதல் நாளிலிருந்தே அப்படித்தான் வந்திருக்கிறது. கறுப்புத் திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, வாயில் கையை வைத்துப் பொத்திக்கொண்டு அழுதாள். வெளியே யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. சந்தேகம் இருந்திருந்தால் திரையை விலக்கி, நீங்க அழறீங்கன்னு யார் சொன்னா என்று கேட்டிருப்பார். அந்த மனிதரை அவள் அப்போது நினைத்தாள். நினைத்ததும் அழுகை கூடியது.

எழுந்து முகம் கழுவி வந்த பிறகு ஒரு காரியம் செய்தாள். செய்யாமல் இருந்திருக்கலாம். அதுவரை எடுத்த கோணல்மாணல் படங்களை எல்லாம் மொத்தமாகக் கணினியிடம் கொடுத்துக் கூட்டிச் சராசரி எடுக்கச் சொன்னாள். ஒன்றின் கோணல் இன்னொன்றின் கோணலை அடித்துக்கொண்டு போக, திரையில் மெல்ல மெல்ல அது எழுந்து வந்தது. சிவப்பில் தொடங்கி நீலம் வரை. ஒரு பிசிறு இல்லை. மகளின் சுவரில் மாட்டியிருக்கும் அதே வளையம்.

தலைவர் வந்து இரண்டையும் பார்த்தார். பிறகு வளையத்தைக் காட்டிச் சொன்னார்: "இதையே காட்டும்மா."

"இது ஒரு துடிப்பு இல்ல சார்."

"பெட்டில எடுத்ததுதானே?"

"பெட்டில எடுத்த எல்லாத்தோட கூட்டு சார். தனியா எதுவுமே இப்படி இல்ல. ஒண்ணுகூட இல்ல."

"நான் பொய் சொல்லச் சொல்லலம்மா. சராசரின்னு அடியில சின்னதா போட்டுடு. எல்லாரும் இத்தன நாளா அளந்தது இதத்தானே? நிரந்தர எடம் வரட்டும். குடும்பத்தக் கூட்டிட்டு வா. அப்புறம் நிதானமா உக்காந்து குழாய சரி பண்ணலாம்." அவர் குரல் தழுதழுத்தது. "உன் பொண்ணு வளந்துட்டே இருக்காம்மா."

கெட்டவர் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிட்டு வந்திருக்கலாம். அவர் அக்கறையில் சொன்னார். அவளுக்கும் அது சரியென்றே பட்டது. அன்று மாலை நிரந்தர ஊழியர்களின் வீடுகள் இருக்கும் பக்கமாக நடந்து போய், பால்கனிகளில் காயும் குட்டிக் குட்டிச் சட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தாள். அடியில் சின்னதாகச் சராசரி என்று போட்டுவிடுவது என்று முடிவும் செய்தாள். எழுத்தின் அளவைக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டாள்.

குழுவில் மூன்று பேர். நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், கண்ணைக் கூச வைக்கும் விளக்கு. அவள் பெட்டியை விளக்கினாள். நன்றாகவே விளக்கினாள், தலைவர் ஓரத்திலிருந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அடுத்து வர வேண்டியது வளையம். கணினியில் இரண்டு கோப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவள் விரல் வளையத்தின் மேல்தான் போய் நின்றது. நின்றது, அவ்வளவுதான். அழுத்த வரவில்லை. இதற்கு நேர்மை, மனசாட்சி என்றெல்லாம் யாராவது பெயர் வைத்தால் அவளுக்குக் கோபம் வரும். ஓட்டை நடுவில் இல்லாத அந்த இரண்டாவது துடிப்பு அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. அவ்வளவு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த பிறகு, அதைப் பார்க்காதது போல இருக்க அவளுக்குத் தெம்பில்லை. மற்ற கோப்பைத் திறந்தாள். உடைந்த வளையல்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சுவரில் விழுந்தன.

குழுவிலிருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப முன்னாடி வெளிவந்த படங்கள்?"

"அந்த மாதிரி ஒரு துடிப்பு எப்பவுமே இருந்ததில்லைங்க."

"நாலு கட்டுரைலயும்?"

"நாலுலயும்."

யாரோ தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார்கள். அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது. பெட்டி பிரமாதம் என்று மூன்று பேரும் மனதாரச் சொன்னார்கள். ஆனால் இடம் பெட்டி செய்பவருக்கான இடம் இல்லை, முறுக்கிய ஒளி செய்பவருக்கான இடம். அவளிடம் முறுக்கிய ஒளி இல்லை. மதியமே தலைவர் வந்து சொல்லிவிட்டார். இந்த முறை யாரையும் எடுக்கவில்லையாம். கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டுமாம். அடுத்த ஆண்டுக்கு அவள் வேலையைப் புதுப்பிப்பதும் கஷ்டமாம். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் அவர் தரையைப் பார்த்தார். "ஏம்மா இப்படிப் பண்ணின?" என்று கடைசியில் கேட்டார். ஆறு வருஷம். ஒரு குழந்தையின் ஆறு வருஷத்தைக் கொடுத்து, இல்லாத ஒன்றை அவள் மிக நுணுக்கமாக அளந்திருக்கிறாள்.

மாடிப்படியின் திருப்பத்தில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தாள். அன்று ஞாயிறு இல்லை, வாரத்தின் நடுநாள். கணவரிடம் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். கெடைக்கலங்க. என்னால கெட்டுப் போச்சுங்க. இத்தன வருஷம் உங்களத் தனியா விட்டதுக்கு ஒண்ணும் மிஞ்சலங்க. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தது மகள்.

முதலில் அடையாளமே தெரியவில்லை. தலை கலைந்து கண்ணில் விழுந்திருந்தது. காலர் மடங்கிய பள்ளிச் சட்டை, கன்னத்தில் பேனா மசி, உம்மென்ற முகம். எதற்கோ அழுதோ சண்டை போட்டோ முடித்திருக்க வேண்டும். தலைக்கு மேலே சுவர் வெறுமையாக இருந்தது. ஒரு ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா?" என்றாள் மகள். நெற்றியைச் சுருக்கினாள். "இன்னைக்கு ஞாயித்துக்கெழம இல்லையே?"

"இல்லடா கண்ணு. சும்மாத்தான். அப்பா எங்க?"

"அப்பா கடைக்குப் போயிருக்கு." அவள் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்தாள். செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் மாட்டிக்கொண்ட குழந்தையின் முகம். "ஐயோ. இரும்மா, இரு. வச்சிடாத."

கைபேசியை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டு ஓடினாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது, எதையோ இழுத்துக் கீழே தள்ளும் சத்தம் கேட்டது. வளையத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, நுனிக்காலில் நின்று, இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாம் தடவை ஆணியில் மாட்டினாள். இறங்கி வந்து அதன் கீழே உட்கார்ந்தாள். உள்ளங்கையால் தலைமுடியைப் படிய வைத்தாள். சட்டைக் காலரை நிமிர்த்தினாள். பிறகு, பல்லெல்லாம் தெரிய, ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பைச் சிரித்தாள்.

"ம்ம். இப்பப் பேசலாம்மா."

படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவள் கைபேசியை முகத்தருகே கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் முன்பு பார்த்த அந்த உம்மென்ற முகத்தை, மசி அப்பிய கன்னத்தை, மறுபடி காட்டச் சொல்லிக் கேட்க அவளுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. "சாப்பிட்டியாம்மா?" என்றாள், ஒவ்வொரு ஞாயிறும் கேட்பது போலவே.

"சாப்பிட்டேம்மா. இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் மகள்.